தாய்மாமன் வரும் தூரம்

என் மகன் முதல் தடவை அமெரிக்கா கிளம்பிய அன்று, அவன் ஏறிய கார் ஏரிக்கரைத் திருப்பத்தில் மறைந்ததும் நான் கேட்டது ஒரே கேள்விதான். போய்ச் சேர எத்தனை மணி நேரம்? ஊரின் பெயர் சான் பிரான்சிஸ்கோ. அது என் வாயில் நுழைய ஒரு வருஷம் ஆனது. மணிக்கணக்கு மட்டும் அன்றைக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் போய்ச் சேருகிறவரை வீட்டைப் பெருக்க மாட்டோம், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள மாட்டோம். செங்கல்பட்டு என்றால் ஒரு மணி நேரம். திருப்பதி என்றால் அரை நாள். அமெரிக்கா என்றால்?

பக்கத்தில் நின்ற என் மகள் செல்போனைத் தட்டிப் பார்த்தாள்.

"ஒரு நாள் முழுசா ஆகும்மா. நடுவுல சிங்கப்பூர்ல வேற பிளேன் மாறணும்."

"தூரம் எவ்ளோ?"

"நேரா போனா பதினாலாயிரம் கிலோமீட்டர். சிங்கப்பூர் சுத்திப் போறதால இன்னும் ரெண்டாயிரத்துக்கு மேல."

"நேரா போற பிளேன் இல்லியா?"

"நம்ம ஊர்லேர்ந்து இல்ல."

செம்பாக்கத்திலிருந்து தாம்பரம் போவதற்கு மேடவாக்கம் போய்ச் சுற்றிக்கொண்டு வருகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு நாளும் வீடு பெருக்காமல் கிடந்தது. வாசலில் விழுந்த பூவரசு இலையைக்கூட நான் தொடவில்லை. மறுநாள் மகள் வந்து, "தம்பி எறங்கிட்டான்" என்று சொன்ன பிறகுதான் துடைப்பத்தை எடுத்தேன். அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு தடவை வந்து போகும்போதும் அதைச் சொல்லுகிற வேலை அவளுடையது. தம்பியை இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தவள் அவள். அவனைவிட நாலு வயது மூத்தவள்.

பிறகு என் வீட்டுக்காரர் தவறிப்போனார். அவர் போன மறு வருஷம், ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற மனையில் தனக்கும் பாகம் வேண்டும் என்று மகள் கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. தம்பி போனிலே, "உனக்குச் செய்ய வேண்டியதை அப்பா உன் கல்யாணத்துலயே செஞ்சுட்டாரு அக்கா" என்றான். சொன்ன விதத்தில் தப்பு இருந்தது. அவள் போனை வைத்தாள். அதோடு சரி. இரண்டு வருஷத்துக்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அவள் என்னிடம் பேசும்போது தம்பி என்கிற சொல்லே வராது. "உன் பையன்" என்பாள். "உன் பையன் போன் பண்ணானா?" "உன் பையனுக்கு அங்க குளுராமா?" மனையில் முள் மண்டிப் போனது.

அந்த மகளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குப் பதினோராம் மாதம் நடக்கும்போது காது குத்துவதென்று பேச்சு வந்தது. கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். எங்கள் ஏரியோரத்து அம்மன் கோவிலில் என்று முடிவானது.

காது குத்துவது என்றால் எங்களுக்குக் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தோடும் அவன்தான் கொண்டுவர வேண்டும். இன்றைக்கு மடி கொடுக்கிறவன்தான் அவள் பெரியவளானால் சீர் கொண்டுவருவான், நாளைக்குக் கல்யாண மேடையில் முன்னால் நிற்பான். இது வெறும் சடங்கு என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். அந்த இடத்தில் ஒரு தடவை வேறு ஆள் உட்கார்ந்துவிட்டால், அதற்குப் பிறகு என் மகனும் மகளும் ஒரே வாசலில் நிற்கக் காரணமே இருக்காது. எனக்கு வேண்டியது அந்தக் காரணம்தான்.

மகனிடம் சொன்னேன். "வரேம்மா" என்றான். யோசிக்கக்கூட இல்லை.

மகளிடம் சொன்னேன். "வந்தா பாக்கலாம். வரலைன்னா என் கொழுந்தன் மடி இருக்கு. எங்க அத்தை ஏற்கெனவே சொல்லிட்டாங்க" என்றாள். சம்பந்தியம்மா சேலையூரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய இளைய மகன் பேங்கில் இருக்கிறான். நல்ல பையன். அவனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மகனுக்கு நான் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை மட்டும் கிளம்பாதே. திங்கட்கிழமை ராத்திரியே கிளம்பிவிடு. அதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், இங்கே நான் அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. அந்நேரம் அவன் விமானத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டை அதற்காகத்தான் பெருக்காமல் போட்டிருந்தேன். வருகிறவனுக்கு இந்தக் கணக்கு கிடையாது, போகிறவனுக்குத்தான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"அம்மா, பிளேன் போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா இன்னாடா? நீ அதுலதான கீற?"

"இல்லம்மா. ஏர்போர்ட்ல நிக்கறேன். அது நேத்து ராத்திரியே போயிடுச்சாம்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. டிக்கெட்டில் திங்கட்கிழமை என்று போட்டு, நேரம் நள்ளிரவு தாண்டி ஐம்பது நிமிஷம் என்று இருந்திருக்கிறது. இவன் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டு, சாமி கும்பிட்டு, ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியோடு போய் நின்றிருக்கிறான். டிக்கெட்டுக்குத் திங்கட்கிழமை என்பது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பன்னிரண்டு அடித்ததுமே பிறந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. ராத்திரி எத்தனை மணி ஆனாலும் பொழுது விடிகிறவரை அதே கிழமைதான். விடிந்தால்தான் மறுநாள். நாள்காட்டித் தாளை நான் காலையில் கோலம் போட்ட பிறகுதான் கிழிப்பேன். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன், அமெரிக்காவில் பத்து வருஷம் இருந்தும் ராத்திரியை அப்படித்தான் கணக்குப் பண்ணியிருக்கிறான்.

"வேற பிளேன்?"

"புதன்கிழமை சாயங்காலம்தாம்மா சீட் இருக்கு. அது வெள்ளிக்கிழமை காலையில எட்டே முக்காலுக்கு அங்க வந்து சேரும்."

புதன் சாயங்காலம் கிளம்பி வெள்ளி காலை. இங்கே காது குத்த நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தரைக்குள். பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து செம்பாக்கம் வந்து சேர மழை இல்லாத நாளிலேயே முக்கால் மணி ஆகும். நான் கீரையை அப்படியே முறத்தில் போட்டுவிட்டு சேலையூருக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

மகள் அடுப்படியில் குழந்தைக்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கிறவரை கரண்டி நிற்கவில்லை.

"பத்து வருஷமா அமெரிக்காவுல கீறவனுக்குத் தேதி பாக்கத் தெரியலையாம்மா?"

"ராத்திரிக் கணக்குல ஏமாந்துட்டான்டி."

"ஏமாந்துட்டானா? வர மனசில்ல. அதைச் சொல்ல வாயில்ல. பிளேன் மேல பழி போடறான் உன் பையன்."

"திரும்ப டிக்கெட் எடுத்துட்டான். வெள்ளிக்கிழமை காலையில எறங்கிடுவான்."

"எப்ப?"

சொன்னேன். அவள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. சம்பந்தியம்மா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தப்பா நெனைக்காதீங்க. வெளிநாட்டு ஃபிளைட்டை நம்பி முகூர்த்தம் வைக்க முடியாதுங்க. ரெண்டு மணி நேரம் லேட்டாச்சுன்னா என்ன பண்றது?"

"தள்ளி வெச்சுக்கலாமே" என்றேன்.

"தள்ளினா மார்கழி வந்துரும். அப்புறம் தை. எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்றார் அவர்.

"ஒரு நாள்கூடத் தள்ள மாட்டேன்" என்றாள் மகள். "அவனுக்காக ஒரு மணி நேரம்கூடத் தள்ள மாட்டேன். பத்தரைக்குள்ள எந்த மடி இருக்கோ அந்த மடி."

"என் பையன் வருவான்" என்றேன். சம்பந்தி வீட்டில் நின்றுகொண்டு தலை குனிந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. "வந்து உக்காருவான். பாருங்க."

சொல்லிவிட்டு வந்தேனே தவிர, வழியெல்லாம் எட்டே முக்காலையும் பத்தரையையும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டு வந்தேன். வியாழக்கிழமை மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. டி.வி.யில் அந்தமான் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னார்கள். கார்த்திகை மாதத்தில் எங்கள் தலையில் கொட்டுகிறதெல்லாம் அந்தமானிலிருந்துதான் கிளம்பி வருகிறது. அதே வழியில்தான் அவனும் வந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது தூறல். ஏரி நிரம்பி, கோவில் பின்புறப் படிவரை தண்ணீர் நின்றது. சேலையூரிலிருந்து இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். குழந்தைக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை. மாப்பிள்ளை தேங்காய் பழத்தட்டுகளைத் தூக்கி வந்து மண்டபத்தில் அடுக்கினார். மகள் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. கண் சிவந்திருந்தது. தூக்கமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். குழந்தை ராத்திரி படுத்தியிருக்கும் என்றும் நினைத்தேன்.

காது குத்துகிற பத்தர் தாம்பரம் மார்க்கெட் பக்கம் இருக்கிறவர். மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்தார். வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்மா, முன்னாலயே சொல்லிடறேன். பத்தரைக்கு மேல நான் ஊசி எடுக்க மாட்டேன். எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"எங்களுக்குந்தான்" என்றேன்.

"அப்ப சரி. தாய்மாமன் எங்க?"

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏதாச்சும் தகவல் வந்துதா? எங்க வந்திருக்காராம்?"

"வந்துகினே இருக்கான்."

"அதான், எங்கன்னு கேட்டேன்."

கடலுக்கு மேல் ஒருத்தன் எங்கே இருக்கிறான் என்று தரையில் இருக்கிற நான் எதை வைத்துச் சொல்வது? மாப்பிள்ளை தேங்காயைத் திருப்பித் திருப்பி வைத்தார். பத்தர் தாம்பூலத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அப்போது குழந்தையின் தலைக்கு மேல் குனிந்து பூ வைத்துக்கொண்டிருந்த என் மகள், குனிந்தபடியே சொன்னாள்.

"தம்பி அந்தமான் தாண்டிட்டான்."

தம்பி. நான் சரியாகத்தான் கேட்டேன். குங்குமத் தட்டின் மேல் அவள் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். அதில் நீலமாகக் கடல். நடுவில் மஞ்சள் நிறத்தில் ஈ அளவுக்கு ஒரு விமானம்.

"நீ எப்போம்மா பாத்தே?" என்றார் சம்பந்தியம்மா.

"சும்மா பாத்தேன்."

சும்மா பார்த்தவளுக்குக் கண் அப்படிச் சிவக்காது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள், எனக்குத் தெரியும். என் வயிற்றில் பிறந்தவள்தானே.

அதற்குப் பிறகு பூசாரி முதற்கொண்டு எல்லார் கண்ணும் அந்த ஈயின் மேல்தான். அது கரையை நோக்கி ஊர்ந்தது. இன்னும் ஒரு விரற்கடைதான் இருந்தது. நான் மூச்சை விட்டேன். அப்போது அது வலது பக்கம் திரும்பியது. திரும்பி, வந்த வழியே கடலுக்குள் போனது.

"இன்னாடி, திரும்பிப் போவுது?"

"மழைம்மா. எறங்க எடம் குடுக்கல. வட்டம் அடிக்கறான்."

"வேற ஊருக்குப் போயிடுவாங்களா?" என்றார் மாப்பிள்ளை. "போன வருஷம் எங்க ஆபீஸ்ல ஒருத்தரைப் பெங்களூர்ல கொண்டுபோய் எறக்கிட்டாங்க."

அவள் புருஷனைப் பார்த்த பார்வையில் அவர் மறுபடி தேங்காய் அடுக்கப் போய்விட்டார்.

ஒரு வட்டம். இன்னொரு வட்டம். எங்கள் பக்கம் விமானம் சுற்றுவது புதிதில்லை. விமானப்படைக்காரர்கள் தாம்பரத்துக்கு மேல் பயிற்சிக்காகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். யாரும் தலை தூக்கிப் பார்க்க மாட்டோம். அன்றைக்குத்தான் ஒரு விமானத்தின் ஒவ்வொரு சுற்றையும் எண்ணிக்கொண்டு நின்றேன். பத்தர் ஒன்பது மணி ஆயிற்று என்று சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார்.

மூன்றாவது வட்டத்தில் ஈ நேராக வந்தது. கரையைத் தொட்டது. நின்றது. என் போன் அடித்தபோது ஒன்பதரை தாண்டியிருந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அதை மகள் ஸ்பீக்கரில் போட்டு வைத்தாள்.

"அம்மா, எறங்கிட்டேன். பாஸ்போர்ட் பாத்து விட்டுட்டாங்க. பெட்டிக்காக நிக்கறேன். இன்னும் வரல."

"எவ்ளோ நேரம் ஆவுமாம்?"

"தெரியலம்மா. மழையில எல்லாம் லேட்டு."

என் மகள் என்னைப் பார்த்துச் சொன்னாள், ஆனால் போனுக்குக் கேட்கிற மாதிரி: "பெட்டிய விட்டுட்டு வரச் சொல்லும்மா."

 

"யாரும்மா அது?" என்றான்.

"யாருன்னு கேக்கறான் பாரு. உங்க அக்காடா."

"சரி. விட்டுட்டு வரேன்" என்றான். "தோடு சட்டைப் பையிலதான் இருக்கு."

"ஜி.எஸ்.டி. ரோடு பல்லாவரத்துல தண்ணி நிக்குதாம். கார் ஏற வேணாம்னு சொல்லு" என்றாள் அவள், இன்னும் என்னைப் பார்த்துத்தான். "எதிர்த்தாப்புல திரிசூலம் ஸ்டேஷன். எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி குரோம்பேட்டையில எறங்கி, அஸ்தினாபுரம் வழியா ஆட்டோ புடிக்கச் சொல்லு."

நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

பத்து மணி ஆனது. ஸ்டேஷனில் ரயில் வந்ததோ, ஏறினானோ, ஒன்றும் தெரியவில்லை. ரயிலுக்கு ஈ கிடையாது. பதினாறாயிரம் கிலோமீட்டர் அவன் வந்ததைக் கண்ணால் பார்த்தோம். இந்தப் பத்துக் கிலோமீட்டரில் அவன் எங்கே இருக்கிறான் என்று சொல்ல ஆளில்லை. பத்து நிமிஷம் போனது. சம்பந்தியம்மா எழுந்தார். கோபமாகச் சொல்லவில்லை. டீச்சர் வகுப்பில் சொல்லுகிற மாதிரி சொன்னார்.

"நாம எவ்ளோ முடியுமோ அவ்ளோ பாத்தாச்சு. இனிமே குழந்தைக்கு நல்ல நேரம் போயிடக் கூடாது. சின்னவனே, நீ வந்து மணையில உக்காரு."

அவருடைய இளைய மகன் தயங்கினான். "அண்ணி, நான் வேணும்னா..." என்று என் மகளைப் பார்த்தான். அவள் குழந்தையின் பாவாடையைச் சரிசெய்தாள். அவன் உட்கார்ந்தான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவன் மடியில் வைத்தாள். பத்தர் சந்தனத்தைத் தொட்டு இரண்டு காதிலும் புள்ளி வைத்தார். கம்பியை எடுத்துத் துடைத்தார். நான் அம்மனைப் பார்த்து நின்றேன். கும்பிடவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவள் மேலும் கோபம்தான்.

கம்பி காதுக்குக் கிட்டே வந்தபோது, என் மகள் குனிந்து குழந்தையை மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள்.

"பசிக்குது அவளுக்கு."

"இப்பத்தானேம்மா இட்லி ஊட்டினே?" என்றார் சம்பந்தியம்மா.

"இட்லி தின்னா பால் வேணாமா அத்தை? அழ ஆரம்பிச்சா ஊசி போட முடியாது."

பால் கொடுக்கப் போகிற தாயை யார் தடுக்க முடியும்? அவள் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய் என் முந்தானையை விரித்து மறைப்புப் பிடித்தேன். உள்ளே பார்த்தால் குழந்தை பால் குடிக்கவில்லை. அம்மாவின் தாலிச் சங்கிலியை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. என் மகள் ரவிக்கையில் கைகூட வைக்கவில்லை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா இருக்கு?" என்றாள் மெதுவாக.

"கால் மணி கீது."

"ராகு காலம் வந்துட்டா?"

என் வயசுக்கு நான் ராகு காலத்தில் ஒரு நல்ல காரியம் ஆரம்பித்ததில்லை. ராகு காலத்தில் வந்த பெண் பார்க்கிற கூட்டத்தைத் தெருமுனையில் நிற்க வைத்தவள் நான். அது இவளுக்கும் தெரியும். அதனால்தான் கேட்டாள்.

"கொழந்தை பால் குடிக்கிறப்போ ராகு காலம் ஏதுடி" என்றேன். "மெதுவா குடிக்கட்டும்."

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே பத்தரின் தொண்டைச் செருமல் கேட்டது. "ஆச்சா?" என்றார் சம்பந்தியம்மா. "இன்னொரு பக்கம்" என்றேன் நான். அந்தச் சேலை முந்தானையை எத்தனை நேரம் பிடித்து நின்றேனோ, கை மரத்துப்போனது. தூறல் சத்தம். ஏரியில் தவளைச் சத்தம். பிறகு, ஏரிக்கரைப் பள்ளத்தில் விழுந்து எழுந்து வருகிற ஒரு ஆட்டோ சத்தம்.

இறங்கினான். மூன்று நாள் தாடி. காலில் சகதி படிந்த ஷூ. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நேராக மண்டபத்தில் ஏற வந்தவனை நான்தான் நிறுத்தினேன்.

"நில்லு. குளிக்காம மணையில உக்காருவியா?"

"அம்மா, டைம் இல்லம்மா."

"ரெண்டு பக்கெட் ஊத்திக்க எவ்ளோ நேரம்? போடா."

கோவில் குழாயடியில் சட்டையோடு நின்று தலையில் கொட்டிக்கொண்டான். மணையில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாவின் இளைய மகன் தானாக எழுந்து, தோளில் இருந்த புது வேட்டியை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். அந்தப் பையனை நான் மறக்க மாட்டேன். சம்பந்தியம்மா மணையில் இருந்த ஈரத்தைத் தன் கையால் துடைத்துவிட்டார்.

என் மகன் வந்து உட்கார்ந்தான். அவள் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

"அக்கா" என்றான்.

"தலையைத் தொவட்டுடா. கொழந்தை மேல சொட்டுது."

குழந்தையை மடியில் வைத்தாள். அது அந்தப் புது ஆளை நிமிர்ந்து பார்த்து, ஈரத் தாடியைப் பிடித்து இழுத்தது. அவன் சட்டைப் பையிலிருந்து நனைந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தான். தோடு இருந்தது.

பத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு காதுக்குத்தான் நேரம் கீது" என்றார்.

"ரெண்டாவது?" என்றாள் மகள்.

"எடுத்த ஊசியைக் கீழ வைக்கலைன்னா ரெண்டும் ஒரே காரியந்தான். கெட்டியா புடிங்க."

பெண் குழந்தைக்கு இடது காது முதலில். குத்தினார். கோவிலே இடிந்து விழுகிற மாதிரி அழுதது. ஊசியைக் கீழே வைக்காமல் மறு பக்கம் திரும்பினார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்த வலது காது இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

சாப்பாட்டுக்கு முன்பே அவன் தூணில் சாய்ந்தபடி தூங்கிவிட்டான். அவன் பெட்டி மறுநாள் வந்தது. மனையைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. அதில் முள் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பேசுவார்கள். சண்டைகூடப் போடுவார்கள். அதற்கும் வாய் திறக்க வேண்டுமே, இப்போது திறந்திருக்கிறது.

இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பக் கிளம்பினான். டிக்கெட்டை அவள்தான் வாங்கிப் பார்த்தாள்.

"புதன்னு போட்டிருக்கு. ராத்திரி ஒண்ணே கால். அப்படின்னா செவ்வாக்கெழமை சாயங்காலமே ஏர்போர்ட்டுல இருக்கணும், புரியுதா? உன் மூஞ்சியப் பாத்தா புரிஞ்ச மாதிரி தெரியல."

"புரிஞ்சுது அக்கா."

"செவ்வாக்கெழமையா?" என்றேன் நான்.

இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். "அம்மா, டிக்கெட்டுல புதன்தான்" என்றாள் அவள்.

திங்கட்கிழமையே அவன் பைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் அக்கா வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் அங்கிருந்து அந்தப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்தினேன். பூவரசு இலை விழுந்தது, கிடக்கட்டும் என்று விட்டேன். மறுநாள் காலையில் போன் வந்தது. "சிங்கப்பூர்லேர்ந்து ஏறிட்டான்." மத்தியானம் வந்தது. "ஜப்பான் பக்கம் போறான். நீ சாப்பிட்டியா?" சாயங்காலம், விளக்கு ஏற்றிய பிறகு வந்தது. "இன்னும் தண்ணி மேலதான். நீ முழிச்சுக்கினு இருக்காத. நான் பாத்துக்கறேன்."

நான் படுத்தேன். தூங்கவும் செய்தேன். வாசல் தெளிக்க எழுந்த நேரத்தில் அடித்தது.

"அம்மா, தம்பி எறங்கிட்டான். பெருக்கிக்கோ."